மடங்காத ஓஸ்

கண்ணாடி கழுவும் தொழிலுக்கு நானும் என் மனைவியின் தம்பியும் வந்த பிறகு எங்களுக்குள் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் ஓஸைப் பற்றியவைதான். எங்கள் கருவி எளிமையானது. ஒரு நீளமான கம்பு, அதன் தலையில் பிரஷ், கம்புக்குள் ஒரு மெல்லிய குழாய். உப்பு நீக்கிய தண்ணீரும் மோட்டாரும் ஜீப்பில் இருக்கும். தரையில் நின்றபடியே உயரக் கண்ணாடியைத் தேய்த்து அலசிவிடலாம். தண்ணீரில் உப்பு இல்லாததால் துணி போட்டுத் துடைக்க வேண்டியதில்லை. தானாகக் காயும், புள்ளி விழாது. ஆனால் ஜீப்பிலிருந்து கம்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஓஸ் ஓரிடத்தில் மடங்கினால் போதும், மேலே தண்ணீர் நின்றுவிடும். பாதி கரைந்த அழுக்கு கோடு கோடாகக் காய்ந்துபோகும்.

போடிமெட்டுக்குச் சற்று அப்பால் ஏலக்காய்த் தோட்டச் சரிவின் மேல் ஒரு விடுதி இருக்கிறது. நடத்துபவர் என் வயதுப் பெண்மணி. கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே பள்ளத்தைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். மாதம் தவறாமல் எங்களுக்கு வரும் வேலை அது ஒன்றுதான். ஜீப் அதுவரை ஏறாது. சாலையில் நிறுத்திவிட்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே கற்படி ஓரமாக ஓஸை மேலே இழுத்துப் போக வேண்டும். எங்களிடம் இருந்த பச்சை ஓஸ் ஏறக்குறைய எல்லாப் படி விளிம்பிலும் மடங்கும்.

"இதுக்கு எஸ்டேட்டுல மருந்தடிக்கிற ஓஸுதான் மச்சான் லாயக்கு. கல்லுல போட்டு மிதிச்சாலும் மடங்காது" என்றான் மச்சினன். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பைப் பல வருஷம் ஓட்டியவன்; அவன் சொன்னது உண்மைதான். தெரிந்த தோட்டத்தில் இரவல் வாங்கி வந்தான். நன்றாகக் கழுவித்தான் கொண்டுபோனோம். அன்று தண்ணீர் ஒரு முறைகூட நிற்கவில்லை. காய்ந்த பிறகுதான் பார்த்தோம், கண்ணாடி முழுக்கப் பாலாடைபோல ஒரு படலம். வருஷக்கணக்கில் மருந்து ஓடிய ஓஸ், நாங்கள் விட்ட சுத்தத் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியிருக்கிறது.

அந்தப் பெண்மணி சத்தம் போடவில்லை. "போட்டோ எடுத்தா மூடாப்பு போட்ட மாதிரி விழுதுண்ணே. அடுத்த தடவையும் இப்பிடின்னா நான் மூணாறுல இருந்து ஆள் கூப்பிட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீக" என்றார்.

இறங்கும்போது மச்சினனைப் பற்றித்தான் யோசித்தேன். விடியும் முன்னே பனிமூட்டத்தில், ஆள் பிதுங்கும் ஜீப்பை வளைவுகளில் விரட்டியவன் அவன். அவன் மனைவி அழுது பிடிவாதம் பிடித்துத்தான் அதை விடச் செய்தாள். இந்த வேலை போனால் அவன் மறுபடி அந்த ஜீப்புக்குத்தான் போக வேண்டும்.

மறுவாரம் போடியில் பம்புசெட்டுச் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனோம். பாய் மூன்று வகை எடுத்துப் போட்டார்: பருமனான பிளாஸ்டிக் ஓஸ், கருப்பு ரப்பர் ஓஸ், உள்ளே நூல் பின்னிய ஒல்லி ஓஸ். "மடிச்சுப் பாருங்க" என்றார். மடித்தேன், மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கடையில் அடித்த வெக்கையில் எந்த ஓஸும் வளைந்துதான் கொடுக்கும். நாங்கள் வேலை செய்யப்போவது மலைக் குளிரில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பக்கத்து ஜூஸ் கடை ஐஸ் வாளியில் செருகி வைத்தேன்.

"பொண்ணு பாக்கப் போறவுககூட இம்புட்டு யோசிக்க மாட்டாகண்ணே" என்றார் பாய்.

ஜூஸ் குடிக்க வந்த ஒருவர் வாளியை எட்டிப் பார்த்தார். "இது என்ன புது ஜூஸா?"

"மருந்து ஜூஸு. எங்க மச்சான் எல்லாத்தையும் சோதிச்சுத்தான் குடிப்பாரு" என்றான் மச்சினன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

குளிர்ந்த பிறகு மடித்தபோது வித்தியாசம் தெரிந்தது. பருமனானது விறைத்து, மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றது. ரப்பர் மடங்கவில்லை, ஆனால் கனம், சுவரில் உரசினால் கருப்பு படியும். நூல் பின்னியது கையை விட்டதும் பழைய வளைவுக்குத் திரும்பியது.

"நூலு கணக்கா இருக்கே மச்சான். தண்ணி வருமா?" என்றான்.

"பிரஷ்ஷுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும் மாப்ளே? பெரிய ஓஸுல தண்ணி ரொம்புனா அந்தக் கனத்தை மேல இழுக்கப்போறது நீதான்" என்றேன். அவன் ஒல்லி ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அடுத்த முறை விடிந்ததும் விடுதிக்குப் போனோம். கிழக்குப் பார்த்த கண்ணாடி என்பதால் வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். புது ஓஸ் படிகளில் வழுக்கிக்கொண்டு ஏறியது. நான் படியில் நின்று ஓஸைக் கவனித்தேன். கடைசிக் கண்ணாடியை மச்சினன் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து கத்தினான்: "மச்சான், தண்ணி நின்னுபோச்சு! வெரசாப் பாருங்க!"

படி ஓரமாக ஓஸைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன். எந்த விளிம்பிலும் மடிப்பு இல்லை. ஜீப்பில் இன்னும் பிரிக்காமல் கிடந்த வளையங்களில்தான் ஒன்று முறுக்கிக்கொண்டு மடங்கியிருந்தது. ஜீப்பில் லோடு கட்டும் கயிற்றை இங்கே எல்லோரும் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றி வைப்பார்கள். மச்சினன் ஓஸையும் அப்படியே சுற்றியிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறி, எல்லாம் கடைசி வளையங்களில் சேர்ந்திருந்தது. மிச்சத்தை அள்ளிச் சாலையில் எறிந்து, முறுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி உருட்டிவிட்டேன். மோட்டாரின் சத்தம் மாறியது. மேலே "வந்துருச்சு!" என்று கேட்டது. நான் மூச்சு வாங்கப் படியேறி முடித்தபோது அவன் கம்பைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெயில் தொட்டிருந்தது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. காய வேண்டும், அவ்வளவுதான். இருவரும் படியில் உட்கார்ந்தோம். துளிகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படலம் தெரிகிறதா என்று நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

அந்தப் பெண்மணி கூடத்துக்குள் வந்து நின்று, கண்ணாடி வழியே செல்போனில் ஒரு படம் எடுத்தார். அதை விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு மலையில் அந்தச் சொல்தான். "அடுத்த மாசம் வாறப்ப மாடி ரூமு ஜன்னலையும் சேத்துப் பாத்துருங்க."

மச்சினன் என்னைப் பார்க்காமல் செடிகளுக்கு நடுவே போய் நின்று மனைவிக்குப் போன் செய்தான். "ஆமா, நமக்குத்தான்... மாடியும் சேத்து. இல்ல, இனி அந்த ஜீப்புக்குப் போகல." ஓர் ஏல இலையைக் கிள்ளி எறிந்தான். பிறகு, "அட, இதுக்கெதுக்குப் புள்ள அழுகுற? சோலி கெடக்கு, வைக்கிறேன்" என்றான்.