முளைக்குச்சி பிடுங்கியவள்

ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவில் ஒரு கானாறு உண்டு. சேறும் கறுப்புத் தண்ணீரும் வேலிகாத்தான் முள்ளுமாகக் கிடக்கும். இறங்கி நடக்க முடியாது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஹைவே வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவர்களை ஏற்றிப்போன ஷேர் ஆட்டோ என் அப்பாவுடையது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது கானாற்றின் மேல் நடைபாலம் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகும் யாரும் அதில் போகவில்லை. பாலம் இறங்கும் இடத்தில் முள்புதர்தான் இருந்தது. அங்கிருந்து கம்பெனி கேட் வரை நடைபாதையை நீட்டப்போவதாகச் சொல்லி, சிவப்புப் பெயின்ட் பூசிய முளைக்குச்சிகளை வரிசையாக அடித்துவைத்தார்கள்.

பள்ளிக்கூடம் வரை நானும் அப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் பின்னால் இருந்த அக்கா ஒருத்தி, "இந்த வழி மட்டும் வந்துட்டா பத்து நிமிஷத்துல நடந்தே போய்ட்லாம்ணா" என்றாள். அப்பா "ஆமாம்மா" என்று சிரித்தார். எல்லாரும் நடந்து போனால் எங்கள் ஆட்டோவில் யார் ஏறுவார்கள்? அப்பாவுக்கு இது தோன்றவில்லை போலிருக்கிறது, நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் பாலத்தைக் கடந்தேன். கைக்கு வந்த முளைக்குச்சிகளையெல்லாம் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தேன். குச்சி இல்லாவிட்டால் பாதைக்கு வழி தெரியாது என்பது என் கணக்கு.

திங்கட்கிழமை வேலை நின்றுவிட்டது. பழியோ தென்னந்தோப்புக்கார பாய் மேல் விழுந்தது. பாதை போகும் இடத்தில் பாதி அவர் சும்மா விட்டுக்கொடுத்தது. "குடுக்குற மாதிரி குடுத்துட்டு இப்ப புடுங்கிப் போட்டுட்டாரு பாரு" என்று ஆட்டோவில் பேசிக்கொண்டார்கள். நான் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் இருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்கே பாய் வந்துவிட்டார். பெரிய உடம்பு, குரல் மட்டும் உடைந்திருந்தது. "தோஸ்த், நீயும் நம்புறியா? அல்லாவுக்குத் தெரியும், நான் அந்தப் பக்கமே போவல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். எதற்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான்.

அப்பா அடிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டார். பாய்தான் என் முன்னால் குந்தினார்.

"இந்த வழிக்கு எடம் குடுங்கன்னு எங்கிட்ட மொதல்ல வந்து நின்னது யாரு தெரியுமா பேட்டி, மவளே? உங்கப்பாதான். மூணு தடவ வந்தாரு. பேஜாராய்ட்டேன், குடுத்துட்டேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். "ஏம்பா? நம்ம ஆட்டோ இன்னா ஆவும்?"

"போன மழையில வண்டி நடு ரோட்ல நின்னுச்சே, நெனப்பிருக்கா? அன்னிக்கி லேட்டுன்னு அத்தினி பேரையும் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான். அதுல ஒரு பொண்ணு மாசமா இருந்துச்சு" என்றார் அப்பா.

இருட்டுவதற்குள் மூவரும் போய்ப் புதருக்குள் குச்சிகளைத் தேடினோம். பாயின் கையெல்லாம் முள் கீறல். மறுநாள் மேஸ்திரியிடம் அவரே போய், "நம்ம எருமைங்க பூந்து மிதிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி நம்பினாரோ இல்லையோ, மறுபடி அளந்து வேலையைத் தொடங்கினார். ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நல்ல மனிதருக்கு நான் பட்ட கடன் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பாதை முடிந்த முதல் நாள் காலை, பெண்கள் கும்பலாகப் பாலத்தில் ஏறினார்கள். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, நீயும் வாணா!" என்று கூப்பிட்டார்கள். கூச்சத்தோடு கூடவே நடந்து, கம்பெனி கேட் வரை போய்த் திரும்பினார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கும் வரை வீட்டில் கொஞ்சம் இழுபறிதான். அம்மா ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுத்தாள். ஒருநாள் தைத்துக்கொண்டே என்னிடம், "உங்கப்பாவுக்குப் பொழைக்கத் தெரியல" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். அப்பாவுக்காக ரொம்ப நாள் பரிதாபப்பட்டேன்.

அம்மா அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது பெருமை என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.