டத்தோ கிராமாட்டில் கீழ்க்குரல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டாரில் கிளம்பினேன். பட்டர்வொர்த் படகுத்துறை இருபது கிலோமீட்டர் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கத்தோலிக்கர். கடலுக்கு அந்தப் பக்கம் தீவில், டத்தோ கிராமாட் பக்கம் மாதா கோயிலில் நடக்கிறது. அங்கே பாட்டுக் குழுவில் மெட்டுக்கு அடியில் தனியாகப் போகும் கீழ்க்குரலைப் பாடுகிறவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். "எங்கப்பா பாடுவாரு" என்று மகள் சொல்லிவிட்டாள். இன்று ஒத்திகை. சரியாக வராவிட்டால் கீபோர்டை வைத்துச் சமாளிப்பார்கள். நான் முன்வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

கிளம்பும்போது மகள் வாசலில் நின்று கேட்டாள். "முடியுமாப்பா?"

"முடியும்."

இருபது வருடமாக பஜனையில் பாடுகிறேன். குரல் இருக்கிறது.

மோட்டாரைத் துறையில் நிறுத்திவிட்டு ஒன்பது மணிப் படகில் ஏறினேன். டிக்கெட் இரண்டு வெள்ளி. நடுக்கடலில் எதிர்ப்படகு வந்தது. அது அதன் வழியில் போனது, நாங்கள் எங்கள் வழியில்.

ஒத்திகை பதினொன்றுக்குத்தான். படகிலிருந்து இறங்கி நடந்தபோது லிட்டில் இந்தியா கோயிலில் நாதஸ்வரம் கேட்டது. தூணோரம் உட்கார்ந்தேன். ராகம் ஏறி, வளைந்து, இறங்கியது. அடியில் சுருதிப்பெட்டி ஒரே ஸ்வரத்தில் நின்றது. எப்போதும் என் காது ராகத்தோடு போய்விடும். இன்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அது நின்றதால்தான் ராகம் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

பஸ் பிடித்து மாதா கோயில் போனேன். மாப்பிள்ளையின் சித்தி ஆக்னஸ்தான் பாட்டு நடத்துகிறாள். பாயான் பாரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இங்கேயும் அதே அதட்டல்.

ஒவ்வொரு தடவையும் முதல் வரி தாண்டியதும் என் குரல் பெண்களின் மெட்டோடு சேர்ந்துகொண்டது.

"அண்ணே, மறுபடியும் மேல வந்துட்டீங்க லா!"

"பஜனையில எல்லாரும் ஒண்ணாத்தான் பாடணும்மா. தனியா போனா முறைப்பாங்க."

"இங்க ஒண்ணா போனாத்தான் முறைப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். அதுவும் தப்பு, சுருதி விலகியது. ஆக்னஸ் கீபோர்டைப் பார்த்தாள்.

"ஒரு தடவை நான் இல்லாம பாடுங்க," என்றேன். "நான் பாட வேண்டியதை கீபோர்டுல வாசிம்மா."

கண்ணை மூடிக் கேட்டேன். மேலே பெண்களின் மெட்டு. அதன் கீழே இன்னொரு குரல், ஒட்டியும் ஒட்டாமலும். அடியில் கீபோர்டு. சுருதிப்பெட்டி மாதிரி நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மெட்டு ஏறும் இடத்தில் இது இறங்கியது. காலையில் பார்த்த இரண்டு படகு மாதிரி. எதிர்ப்படகைப் பார்க்க வேண்டும், அதன் பின்னால் திரும்பக் கூடாது. காதைப் பொத்தியது என் தப்பு.

"இப்ப வாங்க."

பெண்கள் குரலைக் கேட்டுக்கொண்டே கடைசி வரை கீழேயே பாடினேன். கடைசிச் சொல்லில் மூன்று குரலும் சேர்ந்து நின்றன. நெஞ்செலும்பு அதிர்ந்தது.

"கறுப்பு சிலுவார் இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"வெள்ளைச் சட்டையோட போட்டுட்டு வாங்க. லேட்டா வராதீங்க."

இரண்டு மணிப் படகில் திரும்பினேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் பஜனையில் எல்லோரோடும் ஒன்றாகப் பாடுவேன். மறுநாள் மாதா கோயிலில் தனி வழி. குரல் ஒன்றுதான், காது வைக்கும் இடம் வேறு.

மகள் போன் செய்தாள்.

"முன்வரிசையில உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லவாப்பா?"

"வேணாம். நிக்கப்போறேன்."