பழி வாங்கிய புத்திமதி

லோர்னா டிபெட்ஸ் கெட்டவள் இல்லை. அமெரிக்காவில் ரீனோ நகருக்கு வடக்கே, அந்தப் பந்தய விமான மைதானத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எவன் எஞ்சின் மக்கர் செய்தாலும், எதிரி அணியென்று பார்க்காமல் ஸ்பானரோடு போய் நிற்பாள். நல்லவள் என்று பெயர் வாங்கிக்கொண்டே ஒருவனை ஒழிப்பது எவ்வளவு சிரமம் என்பதை அவளைத் தவிர யாரும் யோசித்ததில்லை.

அந்த ஒருவன் டெல் ஹேகடார்ன். பழைய பிரிட்டிஷ் கடற்படைச் சண்டை விமானம் ஒன்றை, சீ ஃபியூரி என்பார்கள், அவன் ஓட்டினான். வருஷக்கணக்கில் அதைப் பராமரித்தவள் லோர்னா. சோதனை ஓட்டங்களும் அவளுடையவைதான். அவன் கோப்பை வென்ற அன்று டிவிக்காரன் மைக்கை நீட்டி, எஞ்சினைத் தயார் செய்தது யார் என்று கேட்டான். "நான்தான், வேற யாரு?" என்றான் டெல், பக்கத்தில் நின்றவளின் தோளில் கை போட்டபடியே. இதென்ன நியாயம் என்று அவள் கேட்டாள். மறுநாள் கொட்டகைக்குப் புதுப் பூட்டு. அவளுடைய கருவிப் பெட்டி வாசலில், பனியில் கிடந்தது.

அழுதாளா என்று தெரியாது. நொறுங்கிக் கிடந்த இன்னொரு சீ ஃபியூரியை வாங்கினாள் என்பது தெரியும். அதன் எஞ்சினுக்கு இனி உலகத்தில் உதிரிப்பாகம் கிடைக்காது. எனவே ஒரு சரக்கு விமானத்தின் பெரிய அமெரிக்க எஞ்சினைப் பிடித்து, அதைத் தாங்கப் புது இரும்புச் சட்டம் பற்றவைத்து, பழைய மூக்கில் திணித்தாள். மூக்குப் பக்கம் கனத்தது. பேட்டரியை வாலுக்குத் தள்ளினாள். கூட்டாளி ஆர்லோ தலையில் அடித்துக்கொண்டான்.

"இது விமானமா, மாட்டு வண்டில லாரி எஞ்சினா?"

"டெல்லைத் தாண்டினா போதும். பேர் நீயே வச்சுக்கோ."

இதில் ஒரு வம்பு இருந்தது. பிரிட்டிஷ் எஞ்சினில் விசிறி ஒரு பக்கமாகச் சுற்றும். அமெரிக்க எஞ்சினில் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். பழைய எஞ்சினோடு கிளம்பும்போது மூக்கு வலப்பக்கம் இழுக்கும், இடது காலை மிதித்து நேராக்க வேண்டும். புது எஞ்சினில் இழுப்பு இடப்பக்கம். மிதிக்க வேண்டியது வலது கால். புத்திக்கு ஒரு நொடியில் விளங்கும். காலுக்கு விளங்காது. லோர்னா குளிர்காலம் முழுக்க ஓடுபாதையில் விமானத்தைப் பாதி விசையில் தரையிலேயே ஓட்டி, "வலது, வலது, அட கழுதை, வலது" என்று தன் காலைத் திட்டித் திட்டிப் பழக்கினாள்.

பிறகு அவள் பறந்து காட்டிய வேகத்தைக் கேள்விப்பட்ட டெல் சும்மா இருப்பானா? அவனும் அதே ரக எஞ்சினை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு, சோதனை ஓட்டம்கூட இல்லாமல், லாரியில் ஏற்றிப் பந்தயத்துக்கு வந்து இறங்கினான்.

"தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடு. பாவம்" என்றான் ஆர்லோ.

லோர்னா காப்பியை ஊதினாள். டெல்லை அவளைவிட அறிந்தவர் யார்? தனியாகச் சொன்னால் எதையும் கேட்பான். அப்படிக் கேட்டுத்தான் கோப்பையே வென்றான். நாலு பேர் முன்னால் சொன்னால் நேர் எதிராகச் செய்வான்.

"காலைக் கூட்டத்துல சொல்றேன். அதானே இங்க முறை?"

முறைதான். தினமும் காலையில் விமானிகள் எல்லோரும் கூடுவார்கள். யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால், பகையாளியானாலும் எழுந்து சொல்லிவிட வேண்டும். லோர்னா எழுந்தாள்.

"டெல், புது எஞ்சின். முதல் தடவை முழு விசை குடுக்காத. பாதில கிளம்பு. உன் கால் இன்னும் பழைய பக்கமே மிதிக்கும்."

பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"கேட்டீங்களாப்பா?" டெல் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "எது வலது கால்னு அம்மா சொல்லிக் குடுக்கறாங்க. ஷூ லேசும் கட்டி விடுவியா தாயே?"

கூட்டம் சிரித்தது. லோர்னாவும் சிரித்தாள்.

அன்று மதியம் டெல் முழு விசையும் கொடுத்தான். மூக்கு இடப்பக்கம் இழுத்தது; இடது கால் தன் பழைய விசுவாசத்தோடு மிதித்தது. விமானம் ஓடுபாதையை விட்டிறங்கி, புதர்களை உழுது, சக்கரக்கால் ஒடிந்து, விசிறி மடங்கி நின்றது. புழுதி அடங்கியதும் டெல் வெளியே வந்தான். சிராய்ப்புகூட இல்லை. அதில் லோர்னாவுக்கு மெய்யாகவே நிம்மதி. செத்தவனுக்கு அவமானம் ஏது?

பந்தயத் தலைவர் ஓடி வந்து அவள் கையைக் குலுக்கினார். "எதிரிக்கே எச்சரிக்கை குடுத்த பாரு, உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும்!"

அவர் போன பிறகு டெல் வந்தான். முகமெல்லாம் மண்.

"தனியாச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றான். லோர்னா தன் விமானத்தின் இறக்கை மேல் ஏறி, இருக்கையில் உட்கார்ந்து வாரைப் பூட்டினாள்.

"தள்ளி நில்லு. எஞ்சினக் கிளப்பணும்."