எதிரில் உட்கார ஒருவர்

எழில்மதியின் வகுப்பில் பதின்மூன்று பேர். உளவியல் செய்முறை வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் சோதிப்பவர். எதிரில் உட்கார்ந்து சோதிக்கப்படுபவருக்கு சப்ஜெக்ட் என்று பெயர். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். எழில்மதி கடைசிக் கலந்தாய்வில் சேர்ந்தவள். நர்சிங் கேட்டாள், கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இந்த ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் வந்து சேர்ந்தபோது ஆறு ஜோடிகளும் அமைந்துவிட்டிருந்தன.

“நீ வெளியிலேர்ந்து யாரையாவது வெச்சு செஞ்சுக்கம்மா” என்றார் பேராசிரியை செந்தமிழ்ச்செல்வி. கருவிகளை வீட்டுக்கு எடுத்துப்போகவும் விட்டார்.

வீடு கச்சிராயபாளையத்தில். அப்பா கந்தசாமி கரும்பு வெட்டப் போகிறவர். அவரிடம்தான் முதலில் கேட்டாள்.

“இன்னாத்துக்கு? எனக்கு மூளை கலங்கிடுச்சான்னு பாக்கவா?”

“அதெல்லாம் இல்லப்பா. எவ்ளோ எழுத்து ஞாபகத்துல நிக்குதுன்னு பாக்கறது.”

“எனக்கு ஒண்ணும் நிக்கல. போயி உங்கம்மாவ கேளு. இருவது வருசத்துக்கு முன்னாடி எங்கப்பன் அவள திட்டினதையே இன்னிக்கும் சொல்லுவா.”

அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். தெருவில் எழில்மதிக்கு ‘மெண்டல் டாக்டரம்மா’ என்று பெயர் விழுந்திருந்தது.

பள்ளியில் கூடப் படித்த பாரதி ஒரு நாள் உட்கார்ந்தாள். எழுத்துகளைச் சிரித்துச் சிரித்துத் திருப்பிச் சொன்னாள். ரெக்கார்டு நோட்டில் பெயர், வயது, படிப்பு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். மறு வாரம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பாரதியின் அம்மா வந்து வாசலிலேயே நின்றாள்.

“எம் பொண்ணு பேரு உன் நோட்டுல இருக்குதாமே?”

“ஆமாங்க. படிப்புக்குத்தான்.”

“உன் படிப்புக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா? நாளைக்கு எவனாச்சும் பைத்தியத்துக்குப் பாத்த பொண்ணுன்னு சொல்லுவான். கிழிம்மா அத.”

எழில்மதி கிழித்தாள். பாரதியின் அம்மா அந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்று மாலை எழில்மதி அதே சோதனையைப் புதிய தாளில் எழுதினாள். சப்ஜெக்டின் பெயர்: நிர்மலா. வயது பத்தொன்பது. கையெழுத்தை இடது கையால் போட்டாள்.

அப்படி ஒருத்தி கிடையாது. மூன்று வருடத்தில் நிர்மலா இருபத்தொரு சோதனைகளுக்கு உட்கார்ந்தாள். அவளுக்கு எண்கள் நன்றாக நினைவிருந்தன, பெயர்கள் மறந்தன. சத்தம் இருந்தால் எரிச்சல் வந்தது. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் சப்ஜெக்டிடம் என்ன தோன்றியது என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு பத்தி எழுத வேண்டும். மற்றவர்கள் ‘ஆர்வமாக இருந்தது’ என்று எழுதி முடித்தார்கள். நிர்மலா அரைப்பக்கம் பேசினாள். எழில்மதிக்கு அந்த அரைப்பக்கம் எழுதும் நேரம் பிடித்திருந்தது.

கடைசி ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். சப்ஜெக்டை நேரில் அழைத்து வர வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, டிகிரி இன்னொரு வருடம் தள்ளிப்போகும். பாரதி கல்யாணமாகி சின்னசேலத்தில் இருந்தாள். போனில், “மாமியார் இருக்காங்கடி” என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஒருத்தி வருவதாகச் சொல்லி, தேர்வன்று காலை கதவைத் திறக்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஒன்பது. பத்துக்குத் தேர்வு. வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக் கூம்புக் காகிதத்தில் போட்டு விற்கும் பெரியம்மாள் என்ற பெண்ணை மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறாள். வாங்கியதுண்டு, பேசியதில்லை.

“யக்கா, ஒரு மணி நேரம் எங்கூட காலேஜுக்கு வரீங்களா?”

“இன்னாத்துக்கு?”

“பரீட்சை. எனக்கு எதிர்ல உக்காரணும்.”

“நான் அஞ்சாவதுலயே வாத்தியாருக்கு பயந்து ஓடியாந்தவ பாப்பா.”

“பரீட்சை எனக்குத்தாங்கக்கா. நான் குடுக்கறத நீங்க செஞ்சா போதும்.”

“இன்னா படிப்பு இது?”

“மனசப் பத்தினது.”

“பைத்தியத்துக்கா?”

இல்லையென்று விளக்க நேரமில்லை. “ஆமாக்கா” என்றாள்.

பெரியம்மாள் சிரித்தாள். “அப்ப சரியான ஆளத்தான் புடிச்ச. காலையிலேர்ந்து பஸ்ஸு பஸ்ஸா ஏறி தனியா கத்திக்கினு கெடக்கறவ வேற யாரு?” கூடையை அரங்கநாதன் டீக்கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

சீட்டுக் குலுக்கியதில் எழில்மதிக்குக் கண்ணாடிச் சோதனை வந்தது. பலகையில் நட்சத்திர வடிவில் ஒரு பாதை. கையை ஒரு தட்டி மறைத்திருக்கும். கண்ணாடியில் மட்டும் பார்த்து, அந்தப் பாதையில் ஒரு கம்பியை நகர்த்த வேண்டும். விளிம்பில் பட்டால் மணி அடிக்கும். ஆறு முறை செய்யச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும்.

முதல் முறை மணி ஓயவில்லை. “அய்ய, இது எங் கைதானா? சொன்ன பேச்சே கேக்க மாட்டுது” என்றாள் பெரியம்மாள். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நான்கு நிமிடம் ஆனது. இரண்டாவது மூன்று நிமிடம், மூன்றாவது இரண்டு. எழில்மதி ஸ்டாப் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்காவது முறை மறுபடி நான்கு நிமிடம் ஆனது. நிர்மலாவுக்கு நேரம் எப்போதும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வரும். ஐந்தும் ஆறும் சரியாக அமைந்தன.

பெரியம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எழில்மதி எழுத ஆரம்பித்தாள். அட்டவணை, வரைபடம். கடைசிப் பத்தியில் பேனா தயங்கவில்லை. ‘முதலில் குழப்பமாக இருந்தது. பிறகு கை பழகியது. நான்காம் முறை கண் கூசியது.’ தாள்களைக் கட்டிக் கொடுத்தாள்.

தேர்வாளர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்துக்கும் நிர்மலாதான் சப்ஜெக்டா?”

“ஆமாங்க மேடம்.”

“என்னமா சொல்லியிருக்காங்க. இப்படி மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைக்கிறது கஷ்டம். இன்னைக்கு ஏன் வரல?”

“கல்யாணம் ஆயிடுச்சுங்க மேடம்” என்றாள் எழில்மதி.

“நல்ல ஃப்ரெண்டு. விட்டுடாத” என்று சொல்லி அவர் கையெழுத்திட்டார்.

வேப்பமரத்தடியில் பெரியம்மாள் காத்திருந்தாள்.

“பாஸா?”

“பாஸாயிடுவேங்கக்கா.”

இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள்.

“அங்க எல்லாப் புள்ளைங்களும், எதிர்ல இருந்ததுங்கள ‘உனக்கு இன்னா தோணிச்சு’ன்னு கேட்டு எழுதிக்கினு இருந்துச்சிங்க. நீ மட்டும் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?”

எழில்மதி நின்றுவிட்டாள். கேட்க வேண்டும் என்ற நினைப்பே வந்திருக்கவில்லை.

“மறந்துட்டேங்கக்கா.” பிறகு, “நாலாவது தபா மட்டும் ஏன் அவ்ளோ நேரமாச்சு?” என்று கேட்டாள்.

“அதுவா? கம்பிய ஒரு எடத்துல வெச்சுட்டு சும்மா இருந்தேன். நீ கடியாரத்தையே பாத்துக்கினு இருந்த. நிமுந்து என்னப் பாக்கறியான்னு பாத்தேன். பாக்கல. சரி, புள்ளைக்கு பரீட்சையாச்சேன்னு மறுபடி இழுத்தேன்.”

எழில்மதி இப்போது அவளைப் பார்த்தாள். நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. இத்தனை நாளில் அதைக் கவனித்ததில்லை.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது.

“நீ ஏறிக்கோ பாப்பா.”

“நீங்க போங்கக்கா. உங்களுக்கு யாவாரம் இருக்குது.”

பெரியம்மாள் ஏறிக்கொண்டாள். எழில்மதிக்கு அதற்குப் பிறகு அன்று எந்த வேலையும் இல்லை.