பெயர் வெட்டிய சருவம்

சுயம்புலிங்கம் அண்ணாச்சி பாத்திரம் விற்கும்போது முதலில் அதைக் கவிழ்ப்பார். அடியில் நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு நிமிர்த்தி, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுப்பார்.

"என்ன பேரு?"

வேண்டாம் என்பவர்களையும் விடமாட்டார். "பேரில்லாத பாத்திரம் கல்யாண வீட்டுக்கு இரவல் போனா, வேற எவ அடுப்பிலயாவது போய்க் குந்தும் பாத்துக்கோ." உடனே டிர்ர்ர் என்று ஒரு சத்தம். வடசேரிச் சந்தடியைத் தாண்டி, எதிரே ஜெராக்ஸ் கடையில் இருக்கும் எனக்கு அது பல்லில் கூசும்.

மணிப்பூர்க் கலவரத்தில் வீடு எரிந்துபோன சில குடும்பங்கள் திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளில் வந்து தங்கியிருந்தார்கள். அங்கே ரப்பர் பால்வெட்டுக்கு நிற்கும் மாங் என்பவனுடைய சொந்தக்காரர்கள். கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து அரிசியும் பெட்ஷீட்டும் திரட்டினார்கள். அண்ணாச்சி வீட்டுக்கொரு சோறு பொங்கும் சருவமும் கரண்டியும் தருவதாகச் சொன்னார்.

துணிக்கடை முருகதாஸ்தான் இதற்கெல்லாம் முன்னால் நின்றவர். "அண்ணாச்சி, எல்லாத்திலயும் 'உபயம்: கடைத்தெரு வியாபாரிகள்'னு ஒரு வெட்டு வெட்டிரும். போட்டோ எடுக்கணும்லா."

"ஏம்வே, அவ கஞ்சி குடிக்கப்பெல்லாம் உம்ம பேரையா வாசிக்கணும்?"

"அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா."

"பொறவு யாரு வாசிக்கதுக்குவே வெட்டணும்?"

முருகதாஸ் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். ஆனால் பெயரே இல்லாமல் கொடுக்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. பொண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப்பாத்திரம் என்றால் பொண்ணு பெயர், மற்றபடி வீட்டுக்காரன் பெயர் என்பது அவருடைய வழக்கம். மாங்குக்கு போன் போட்டு, ஒவ்வொரு வீட்டு ஆம்பிளை பெயராகக் கேட்டுக் கேட்டுத் தமிழில் வெட்டினார். "பேரா இது, பாட்டா? வாய்க்குள்ள நிக்க மாட்டேங்கு." ஆனாலும் ஓர் எழுத்தை விடவில்லை.

கொஞ்சம் இந்தி தெரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லைன் வீட்டு முற்றத்தில் நின்று, ரேஷன் கடையில் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வந்து வாங்கினார்கள், சிரித்தார்கள். கடைசியாக ஒன்று.

"தாங்மின்லால்!"

யாரும் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். கிம் என்றொரு சின்னப் பெண் கழுத்தைத் திருப்பித் தோட்டத்துக்கு வரும் ரோட்டைப் பார்த்தாள். அவளுடைய அம்மா நெங்போய் வந்து சருவத்தை வாங்கினாள். எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாங் மெதுவாகச் சொன்னான்: "வீடு எரிஞ்சப்ப அவன் மாடு அவுத்துவிட திரும்பிப் போனான் அண்ணா. வரல. இருக்கானா, இல்லியா, தெரியாது. இங்க நாங்க யாரும் அந்தப் பேர் சொல்றது இல்ல."

"பொறவு எங்கிட்ட ஏம்ல சொன்ன?"

"நீங்க கேட்டீங்க."

அடுத்து வந்த நாட்களில் மெஷின் சத்தம் தடுக்கித் தடுக்கி வந்தது. ஒரு பெண்ணிடம் வீட்டுக்காரன் பெயரைக் கேட்டுவிட்டு, "ஆளு இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டார். அவள் வாங்கிய குடத்தை அப்படியே வைத்துவிட்டு, "விளங்குமா உம்ம வாயி!" என்று திட்டிக்கொண்டே போனாள். அவர் கடைக்குள் இருப்பார், எழுந்திருப்பார், வாசலுக்கு வருவார், மறுபடி உள்ளே போவார்.

அவர் மனைவி சபிதா அக்கா சாப்பாடு கொண்டுவந்தபோது கேட்டாள்: "பாலிஷ் போட்டா பேரு போயிராதா?"

"போவும். நான் அழிச்சா, அவன் செத்தாம்னு நானே சொன்ன மாதிரில்லா ஆவும்? விட்டா, தினமும் அவ அடுப்புக்கு முன்ன இருந்து அதையே பாக்கணும்."

"அப்ப வேறொண்ணு கொண்டு குடுங்க. சும்மா சோத்தப் பெசைஞ்சிட்டு இருக்காதீங்க."

அவர் கடையிலிருந்து முதல்முறையாகப் பெயரில்லாமல் ஒரு சருவம் வெளியே போனது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு முட்டியால் தட்டுவார், கேட்பார், மறுபடி தட்டுவார். கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், "அண்ணாச்சி, சருவம் வாங்கினீரா, மத்தளம் வாங்கினீரா?" என்றார்.

நெங்போய் அதையும் வாங்கிக்கொண்டாள். பழையதைத் திருப்பித் தரவில்லை.

அதன்பிறகு அண்ணாச்சிக்குத் திருவட்டாறில் ஏதாவது ஒரு ஜோலி வந்துகொண்டே இருந்தது. மூடி கொடுக்க மறந்துவிட்டதாம். கரண்டி சின்னதாம். போகும்போதெல்லாம் வாசலில் நின்றபடியே கண்ணை அடுப்பங்கரைக்குள் ஓட்டுவார். பெயரில்லாத சருவம் கரி பிடித்து அடுப்பில் இருக்கும். மற்றதைக் காணோம்.

"பழைய பாத்திரம் எடுக்க வாற ஆக்கர்காரனுக்குப் போட்டிருப்பா," என்றார் ஒருநாள் திரும்பும் வழியில். "போட்டாலும் தப்பில்ல."

"கேட்டுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

"கேக்காண்டாம்." கொஞ்சதூரம் போனபின், "நீ பாத்தியா? அந்த மூலையில சாக்குக்குப் பின்னால என்னமோ மினுங்கிச்சு," என்றார். நான் பார்த்திருந்தேன். அது ஒரு டார்ச் லைட்.

மழைக்காலம் முடிந்ததும் நெங்போயும் கிம்மும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். வீடு காலியானதை மாங் போனில் சொன்னான். அண்ணாச்சி, "ஏதாவது விட்டுட்டுப் போயிருக்காளா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை என்றான். ஆக்கர்தான் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டு, யாருக்கும் தேவையில்லாத ஒரு தூக்குவாளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜினிஷா டீச்சர் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தது அதற்கும் பிறகு. கிம் படித்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். பேச்சுவாக்கில் சொன்னார். வகுப்பில் அ, ஆ தாண்டாத சமயத்தில், பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றதற்கு, அந்தப் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காத நீளமான ஒரு பெயரைத் தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போய் விசாரித்தாராம். தலைமாட்டில் துணி சுற்றிய ஒரு சருவம் இருந்தது. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துத்தான் பிள்ளை அந்த எழுத்துகளைப் பழகியிருக்கிறாள். எழுத்தில் கரி ஏறிவிடும் என்று அவளுடைய அம்மா அதை ஒருநாளும் அடுப்பில் ஏற்றவே இல்லையாம்.