மூன்று முறை நலம் என்றேன்

மாதாவின் பிள்ளைகளே, எழுபத்தாறாம் வருஷம், ஜெபமாலை மாதமான அக்டோபரில், ஜப்பான் கடலுக்கு அடியில் நான் சாகக் கிடந்தேன். ஒரு கால் கயிற்றுச் சிக்கலில் மாட்டியிருந்தது. மேலிருந்து காற்று வரும் மூச்சுக் குழாயில் காற்று குறைந்துகொண்டே வந்தது.

நான் திரேஸ்புரத்துக்காரன். அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், விலங்கியல் படித்து, உதவித்தொகை கிடைத்து ஜப்பானுக்கு மேற்படிப்புக்குப் போனேன். அங்கே முத்துச்சிப்பி வளர்க்கும் ஆய்வு நிலையம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி. புறப்படும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே, அங்கன ஒனக்குக் கயிறு புடிக்க யாரு இருக்கா?"

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவனுக்கு மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியோடு பிறந்த மச்சான்தான். கூடப் பிறந்தவள் தாலிக்குப் பயந்தாவது அவன் கவனம் சிதற மாட்டான். அம்மா கேட்டதற்கு நான் சிரித்தேன். படித்த திமிர். அங்கே போனபிறகு கோயிலும் இல்லை, ஜெபமும் இல்லை. கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள் என்று வெட்கப்பட்டு, ஜெபமாலையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

அந்த ஊர்க் கடல் முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. கருத்துப்போய், சத்தமே இல்லாமல் கிடக்கும். சிப்பிக் கூடைகள் தொங்கும் மிதவைகளுக்குக் கீழே போனால் பட்டப்பகலும் இருட்டிவிடும். முந்தின வாரப் புயலில் கூடைக் கயிறுகள் எல்லாம் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பார்த்து வரத்தான் என்னை இறக்கினார்கள். என் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருந்தவன் என்னோடு பயிற்சியில் இருந்த கென்ஜி. நல்ல பையன், விதி தவறாதவன்.

கால் மாட்டியதும் கத்தியை உருவினேன். விறைத்த கையிலிருந்து அது நழுவி இருட்டுக்குள் போய்விட்டது. குழாயும் எங்கோ மடங்கியிருக்க வேண்டும், பாதி மூச்சுதான் வந்தது. இடுப்புக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தேன். மேலிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு வந்தது. தூக்கவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி அதே பதில், நிதானமாக. மூன்றாம் முறையும் அப்படியே. இவன் என்னைச் சாகவிடுகிறான் என்றே நினைத்தேன்.

நம் ஊரில் ஒற்றை இழுப்பு என்றால் 'தூக்கு'. அந்த நிலையத்தில் அதற்கு 'நலம்' என்று அர்த்தம். நான்கு இழுத்தால்தான் தூக்குவார்கள். இதை நான் பரீட்சையே எழுதித் தேறியிருந்தேன். உயிர் போகிற நேரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்பாவின் வள்ளத்தில் பழகின கைதான் வேலை செய்தது.

கண் இருண்டது. அப்போதுதான் வெட்கம் விட்டது. மாதாவே, என்னைக் கைவிடாதே என்று உள்ளுக்குள் அழுதேன். மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் சொல்லப் பார்த்தேன், முழுசாக வரவில்லை. மரியே, மரியே என்று மட்டும் வந்தது. எங்கள் ஆட்கள் கடலுக்கு ஜெபமாலை கொண்டுபோக மாட்டார்கள், தொலைந்துவிடும். வள்ளத்துக் கயிற்றைப் பிடி பிடியாகப் பிடித்து மந்திரத்தை எண்ணுவார்கள். என் கையும் இடுப்புக் கயிற்றில் தானாக அதைச் செய்தது. ஒரு மரியேவுக்கு ஓர் இழுப்பு. எத்தனை என்று எனக்குத் தெரியாது. சட்டென்று கயிறு விறைத்தது. காலில் இருந்த ரப்பர் துடுப்பு கழன்று சிக்கலிலேயே நிற்க, நான் மேலே போனேன்.

மிதவைப் பலகையில் கிடந்து வாந்தி எடுத்தேன். கென்ஜி தன் குறிப்பேட்டைக் காட்டினான். நேரம் போட்டு, நலம், நலம், நலம் என்று மூன்று வரி.

"சாகும்போது ஏன் நலம் என்று சொன்னாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அது நெஞ்சில் தைத்தது. அந்த ஊரில் தனியாகக் கிடந்து அழுத நாளில்கூட நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை, கேட்டால் நலம் என்றே சொல்வேன். அன்றே ஜெபமாலையை எடுத்து, கென்ஜி பார்க்கவே கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்து சொன்னபோது அப்பா மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "நாலு எண்ணிக் குடுத்தது அவதாம்லே" என்றார். அம்மா அழுதாள்.

அந்தக் கடல் இன்னும் என் கனவில் வருகிறது. வந்தால் எழுந்து முழங்காலில் நிற்கிறேன். உங்களில் யாருக்காவது கால் மாட்டியிருந்தால், நல்லாயிருக்கேன் என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். மாதாவிடம் போய், நான் முங்குகிறேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன். என்னைத் தூக்கினாள்.