இழுப்பு நின்ற மதியம்

தங்கச்சியின் மூச்சிழுப்புச் சத்தம் நின்றபோது அப்பா நிம்மதியாகச் சிரித்தார். "அடங்கிட்டுது. இனிப் படுத்தெழும்பினால் சுகம்" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். அறுபதுகளின் தொடக்கம். முரசுமோட்டையில் எங்கள் வயலில் அன்று நெல் பிரிக்கச் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்மேல் உழவு இயந்திரம் சுற்றிச் சுற்றி ஓட, வைக்கல் தூசி வீட்டு வாசல்வரை புகையாக வந்தது. தங்கச்சிக்கு நாலு வயது. காலையில் இருமத் தொடங்கியவள், பத்து மணிக்கெல்லாம் மூச்சுக்கு மூச்சு விசிலடித்தாள். அம்மா கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்த்தபடி இருந்தார்.

சின்னம்மா, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். புருசனும் இல்லை, பெற்ற ஒரே மகனும் இல்லை. அதிகம் கதைக்கமாட்டார். அவர் வந்து தங்கச்சியின் சட்டையை உயர்த்திப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையில் தோல் குழி விழுந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. கூப்பிட்டதற்குக் குழந்தை கண்ணைத் திருப்பவில்லை. சின்னம்மா அவளைத் தூக்கித் தோளில் நிமிர்த்திச் சாத்திக்கொண்டு களத்துக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

"சூடு பாதியிலை நிக்குது, விலகு" என்றார் அப்பா.

"சத்தம் நிண்டது சுகத்துக்கில்லை, அத்தான். உள்ளை காத்துப் போகேல்லை. ஆசுப்பத்திரிக்கு விடச் சொல்லுங்கோ."

அப்பா குழந்தையின் உதட்டைப் பார்த்தார். உடனே இயந்திரத்தை நிறுத்தி, பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டச் சொன்னார்.

இயந்திரத்தின் பெட்டியில் கிளிநொச்சிவரை போன அந்த வழி முழுக்க, தங்கச்சியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சின்னம்மா அவளைப் படுக்க விடவேயில்லை.

ஆசுப்பத்திரி வைத்தியர், அப்போதிக்கரி ஐயா, ஊசி போட்டார். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுப்புக் கேட்டது. அப்பா பதறி எழுந்தார்.

"இழுக்கட்டும். இப்பதான் காத்துப் போகுது" என்றார் ஐயா. "இது தொய்வு, ஆஸ்மா எண்டு சொல்லுறது. வைக்கல் தூசிக்குக் கிட்ட விடாதேங்கோ. சத்தம் குறைஞ்சால் நெஞ்சையும் உதட்டையும் பாருங்கோ. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்னாலை செய்ய ஒண்டுமில்லை."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது சின்னம்மா அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்: "என்ரை பொடியனுக்கும் இப்பிடித்தான் நெஞ்சு குழி விழுந்தது. சத்தம் அடங்கினவுடனை நித்திரை எண்டு நினைச்சு விசிறிக்கொண்டிருந்தனான்."

அடுத்த போகத்தில், சூடு மிதிக்க நாள் பார்க்கும் முன்பே, அப்பா தங்கச்சியையும் சின்னம்மாவையும் புதுக்குடியிருப்புக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கச்சி இன்றும் இருக்கிறாள். சின்னம்மாவின் மகன் காய்ச்சலில் போனவன் என்றே அதுவரை எங்கள் வீட்டில் சொல்லிவந்தோம். அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.